பூஜையை விட மறுத்த தியானம்

1957ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் சென்னையில் ஓர் ஆன்மிக மாநாடு நடந்தது. ஜோதிர்மடத்தின் சங்கராச்சாரியாராக இருந்து 1953இல் மறைந்த சுவாமி பிரம்மானந்த சரஸ்வதிக்கு மரியாதை செய்யக் கூட்டப்பட்டது அது. மாநாடு முடியும் தறுவாயில் அவருடைய சீடரான பிரம்மச்சாரி மகேஷ், உலகத்தையே ஆன்மிகத்தால் புதுப்பிக்கப்போவதாகச் சொல்லி ஓர் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் அதை நம்பினார்களோ! பத்தே ஆண்டுகளில் அந்தப் பிரம்மச்சாரி மகரிஷி மகேஷ் யோகியாகி, பீட்டில்ஸ் பாடகர்களுக்குக் குருவாகி, உலகப் பத்திரிகைகளில் படமாகத் தொங்கினார். அவர் பரப்பிய முறைக்கு ஆழ்நிலை தியானம் என்ற பெயர் தமிழில் நிலைத்துவிட்டது.

சென்னைக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு யோகம் இருந்திருக்க வேண்டும். 1958இல் இதே ஊரில்தான் வேதாத்திரி மகரிஷி உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஒருவர் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், மற்றவர் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். இல்லறத்தை விட்டுவிடாமல் தியானம் செய்யலாம், அதன் மூலம் உலகில் அமைதி வரும் என்பது இருவருக்கும் பொதுவான நம்பிக்கை. அதற்கு மேல் பாதைகள் பிரிகின்றன. இந்தக் கட்டுரை வடக்கிலிருந்து வந்தவரைப் பற்றியது.

ஆழ்நிலை தியானம் மதமா, மருத்துவ முறையா? அரை நூற்றாண்டாக இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. நீதிபதிகள் ஒரு விடை சொன்னார்கள், உடலியல் ஆய்வாளர்கள் இன்னொன்று, மடாதிபதிகள் மூன்றாவதாக ஒன்று. அமைப்பு சொல்லும் விடையோ கேட்பவரைப் பொறுத்து மாறிவந்திருக்கிறது. ஓர் அமைப்பின் பேச்சை வைத்து அதை எடைபோட முடியாதபோது, நஷ்டப்பட்டாலும் பரவாயில்லை என்று அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் இந்த இயக்கத்தின் வரலாற்றில் ஒன்று திரும்பத் திரும்பக் காலில் இடறுகிறது: மந்திரம் கொடுப்பதற்கு முன் ஆசிரியர் செய்யும் சில நிமிடப் பூஜை.

முதலில் குருவிடமிருந்து தொடங்க வேண்டும். ஆதிசங்கரர் நிறுவியதாகச் சொல்லப்படும் நான்கு மடங்களில் இமயமலைப் பக்கத்து ஜோதிர்மடம் ஏறக்குறைய 165 ஆண்டுகள் பீடாதிபதி இல்லாமல் கிடந்தது. 1941இல் அந்தப் பீடத்தில் அமர்த்தப்பட்டவர் பிரம்மானந்த சரஸ்வதி. காட்டிலும் குகையிலும் பல காலம் தனித்திருந்தவர், காணிக்கை வாங்காதவர் என்று பெயர் எடுத்தவர். மகேஷ் பிரசாத் வர்மா என்ற இளைஞர் அவரிடம் போய்ச் சேர்ந்து, கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் செயலராக உயர்ந்தார். காயஸ்த குலத்தில் பிறந்தவர் என்பதால் அந்தப் பீடத்துக்கு வாரிசாகும் வாய்ப்பு அவருக்கு இல்லை. குரு மறைந்தபின் யார் பீடாதிபதி என்பதில் பல பத்தாண்டு வழக்குகள் எழுந்தன. மகேஷ் ஒரு தரப்பை ஆதரித்தார். மறுதரப்பில் நின்ற சுவரூபானந்த சரஸ்வதி, பிற்காலத்தில் மகரிஷியைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர். மந்திர தீட்சை கொடுக்க இவருக்கு என்ன அதிகாரம் என்பதுதான் மடத்து ஆட்களின் கேள்வி. மேற்கத்திய விமர்சகர்கள் இதில் மதம் ஒளிந்திருக்கிறது என்று குற்றம்சாட்டிக்கொண்டிருந்தபோது, இங்கே ‘இது முறையான மதமே இல்லை’ என்று புகார் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

குரு மறைந்தபின் மகேஷ் உத்தரகாசியில் சிறிது காலம் இருந்தார். அங்கே ராமேஸ்வரம் என்ற எண்ணம் விடாமல் மனதில் வந்துகொண்டிருந்ததாகவும், அதனால் தெற்கே புறப்பட்டு வந்ததாகவும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ராமேஸ்வரம், கன்னியாகுமரி முடித்துத் திருவனந்தபுரம் போனபோது யாரோ பேச அழைக்க, பேச்சுகள் தொடங்கின. 1955 அக்டோபரில் கொச்சியில் அவர் ஆற்றிய உரைகள் ஒரு சிறு நூலாக அச்சிடப்பட்டன. இந்த இயக்கத்தை ஆராயும் எவரும் தாண்டிப் போக முடியாத ஆவணம் அது. கேரளத்து இந்துக்கள் முன் பேசும் அந்த மகேஷ் எதையும் சுற்றி வளைக்கவில்லை. சகுண வடிவிலுள்ள தெய்வங்களின் மந்திரங்களில் தகுந்ததைத் தேர்ந்து தருகிறோம், அந்தத் தெய்வத்தின் அருள் கிடைக்கிறது என்ற பொருளில் நேரடியாகவே பேசுகிறார்.

1958இல் அவர் பர்மா, மலேயா, சிங்கப்பூர், ஹாங்காங், ஹவாய் வழியாகக் கிளம்பி 1959இல் கலிபோர்னியா சேர்ந்தார். அங்கே தெய்வங்கள் மெல்ல விடைபெற்றன. மந்திரம் இப்போது பொருளில்லாத ஓர் ஒலி, அதன் அதிர்வு நரம்பு மண்டலத்துக்கு நல்லது. தூக்கம் வந்தது, தலைவலி போனது, வேலையில் சுறுசுறுப்பு கூடியது என்று மக்கள் சொன்னார்கள். தான் மோட்சத்துக்கு வழி காட்ட வந்திருக்க, இவர்கள் தூக்க மாத்திரை கிடைத்ததாக மகிழ்கிறார்களே என்று ஆரம்பத்தில் அவருக்கே சங்கடமாக இருந்ததாம். சங்கடம் நீடிக்கவில்லை.

இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மந்திரத்துக்குப் பொருள் உண்டா என்பது இந்திய மரபில் கிறிஸ்துவுக்கு முந்தைய சர்ச்சை. வேத மந்திரங்களுக்குப் பொருளே கிடையாது என்று கௌத்சர் என்றொருவர் வாதிட்டதை யாஸ்கர் தம் நிருக்தத்தில் எடுத்துச் சொல்லி மறுக்கிறார். மறுக்க வேண்டிய அளவுக்கு அந்தக் கட்சிக்கு மதிப்பு இருந்திருக்கிறது. தாந்திரிக மரபின் பீஜ மந்திரங்கள் அகராதிக்குள் அடங்கும் சொற்களே அல்ல. ஆகவே ‘பொருளில்லாத ஒலி’ என்று மகரிஷி சொன்னதற்கு மரபில் இடமிருக்கிறது. மரபில் இடமில்லாதது, அந்த ஒலிக்கும் தெய்வத்துக்கும் சம்பந்தமே இல்லை என்ற அடுத்த வாக்கியம். பீஜ மந்திரத்துக்குப் பொருள் இல்லாமல் இருக்கலாம், தேவதை இல்லாமல் இருக்காது.

முறை என்னவோ எளிமையானது. காலையும் மாலையும் இருபது நிமிடம், நாற்காலியில் சாய்ந்துகூட உட்காரலாம், கண்ணை மூடிக்கொண்டு தரப்பட்ட மந்திரத்தை மனதுக்குள் சொல்ல வேண்டும். ஒருமுகப்படுத்தத் தேவையில்லை. எண்ணம் வந்தால் வரட்டும், கவனித்ததும் மெதுவாக மந்திரத்துக்குத் திரும்பினால் போதும். மனம் இயல்பாகவே கூடுதல் இன்பத்தை நாடும், அதனால் அதை அதட்டி உள்ளே அனுப்ப வேண்டியதில்லை என்பது மகரிஷியின் கொள்கை. புலால் மறுக்கச் சொல்வதில்லை, பிரம்மச்சரியம் கேட்பதில்லை, ஆசனம் வளைக்கச் சொல்வதில்லை. பதஞ்சலி முதலில் வைத்த யம நியமங்களை அப்படியே தாண்டிவிட்டு நேராகத் தியானத்தில் இறங்கும் துணிச்சல் இதில் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போய் வருகிறவனுக்கு இதைவிட ஒத்துவரும் யோகம் இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கற்றுக்கொடுக்கும் ஏற்பாடும் தொழிற்சாலை நேர்த்தியோடு வகுக்கப்பட்டது. அறிமுக உரை, ஆயத்த உரை, ஒரு நேர்காணல், பிறகு தனித்த தீட்சை, தொடர்ந்து மூன்று நாள் சரிபார்ப்பு. உலகின் எந்த மூலையிலும் ஆசிரியர் அதே சொற்களை அதே வரிசையில்தான் சொல்வார். மந்திரத்தை வெளியே சொல்லக் கூடாது. இயக்கத்தை விட்டு வெளியேறிய ஆசிரியர்கள் பலர் மந்திரப் பட்டியல்களை அம்பலப்படுத்தியபின், ஆளுக்கேற்பத் தேர்ந்து தரப்படுவதாகச் சொல்லப்பட்டது பெரும்பாலும் வயதுக் கணக்கில்தான் என்று தெரியவந்தது. தீட்சை நாளில் கற்க வருபவர் பழமும் பூவும் ஒரு புதிய வெள்ளைக் கைக்குட்டையும் கொண்டுவர வேண்டும். பிரம்மானந்த சரஸ்வதியின் படத்துக்கு முன் ஆசிரியர் சமஸ்கிருதத்தில் குரு பரம்பரையைச் சொல்லி, அட்சதை, சந்தனம், மலர், தூபம், கற்பூரம் என்று உபசாரங்கள் செய்து வணங்குவார். நாராயணனில் தொடங்கி வசிஷ்டர், பராசரர், வியாசர், சுகர், கௌடபாதர், சங்கரர் என்று வந்து குருவிடம் முடியும் பரம்பரை அது. மாணவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பூஜை முடிந்த கையோடு மந்திரம் காதில் விழும்.

பீட்டில்ஸ் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1967 ஆகஸ்டில் லண்டன் ஹில்டனில் அவரைக் கேட்டார்கள், 1968 பிப்ரவரியில் ரிஷிகேசத்தில் இருந்த அவருடைய ஆசிரமத்துக்குப் போனார்கள். ரிங்கோ சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பத்து நாளில் கிளம்பினார், லெனானும் ஹாரிசனும் ஏப்ரலில் கசப்போடு வெளியேறினார்கள். அங்கே எழுதிய பாடல்கள் நிலைத்தன. அந்த ஆசிரமம் பாழடைந்து, இப்போது ராஜாஜி புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் வனத்துறையின் சுற்றுலாத் தலமாக இருக்கிறது. 2015 டிசம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இயக்கத்துக்கு இந்த விளம்பரத்தைவிடப் பெரிய திருப்பம் வேறிடத்தில், ஓர் ஆய்வுக்கூடத்தில் நடந்தது.

ராபர்ட் கீத் வாலஸ் என்ற இளம் தியானி, லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகத் தியானிகளின் உடலை அளந்தார். 1970இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளிவந்தது. தியானத்தின்போது பிராணவாயு நுகர்வு குறைகிறது, இதயத் துடிப்பு தணிகிறது, தோலின் மின்தடை ஏறுகிறது, மூளை அலைகள் மாறுகின்றன. விழிப்பு, கனவு, உறக்கம் தாண்டிய நான்காவது நிலை என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. மாண்டூக்கிய உபநிடதத்தின் துரியம் ‘சயின்ஸ்’ இதழில் ஏறிவிட்டது என்று பக்தர்கள் பூரித்ததில் வியப்பில்லை. ஹார்வர்டின் இதயநோய் ஆய்வாளர் ஹெர்பர்ட் பென்சனோடு வாலஸ் சேர்ந்து எழுதிய கட்டுரை 1972இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வந்தது. தியானம் என்றால் தாடியும் தண்டமும் என்று நினைத்த அமெரிக்க நடுத்தர வர்க்கம் இதைப் பார்த்துத்தான் மனம் மாறியது.

ஆனால் ஆய்வுக்கூடம் ஒருதலைப்பட்சமான நண்பன் அல்ல. 1976இல் அதே ‘சயின்ஸ்’ இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று, அனுபவம் வாய்ந்த தியானிகள் சிலரின் மூளை அலைகளைப் பதிந்து, தியான நேரத்தின் கணிசமான பகுதியை அவர்கள் சாதாரண உறக்கத்தில் கழிக்கிறார்கள் என்றது. மற்றொன்று, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள இரசாயனங்களை இரத்தத்தில் அளந்து, தியானிப்பவருக்கும் சும்மா கண்மூடி ஓய்வெடுப்பவருக்கும் வேறுபாடில்லை என்றது. 1984இல் டேவிட் ஹோம்ஸ் என்ற உளவியலாளர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உடல் கிளர்ச்சியைத் தணிப்பதில் தியானம் ஓய்வை விஞ்சுகிறது என்பதற்குச் சான்றில்லை என்று எழுதினார்.

இவர்களையெல்லாம்விட இயக்கத்துக்கு வலித்த அடி பென்சன் கொடுத்தது. 1975இல் வந்து பெருவாரியாக விற்ற தம் நூலில், இந்த உடல் மாற்றங்களுக்கு மகரிஷியின் மந்திரம் தேவையில்லை என்றார். அமைதியான இடம், வசதியான இருக்கை, எதிர்ப்பில்லாத மனநிலை, திரும்பத் திரும்பச் சொல்ல ஏதோ ஒரு சொல். ‘ஒன்று’ என்ற சொல்லே போதும் என்றார். கட்டணம் கிடையாது, ஆசிரியர் கிடையாது, கைக்குட்டை கிடையாது. இது வெறும் நுட்பம்தான், உடலியல்தான் என்று சொல்லிவந்த இயக்கத்தை அதன் சொல்லாலேயே மடக்கினார் பென்சன். உடலியல்தான் என்றால் மந்திரத்தை ஏன் மறைக்க வேண்டும், பூஜை எதற்கு? எங்கள் மந்திரமும் எங்கள் முறையும் தனிப்பட்டவை, ஏதோ ஒரு சொல் அதற்கு ஈடாகாது என்பதே இயக்கத்தின் மறுமொழி. பரம்பரை காத்துத் தந்த தூய்மை என்ற வாதம் அதற்குள் இருக்கிறது. அது உடலியல் வாதம் அல்ல.

மருத்துவத்தில் இன்றைய நிலை என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் இந்த ஆராய்ச்சிகளுக்கு ஆண்டுகள் பலவாக 2 கோடி டாலருக்கு மேல் தந்திருக்கிறது. இதய நோயுள்ள 201 கறுப்பின அமெரிக்கர்களைச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்த அபாயம் தியானக் குழுவில் 48 சதவீதம் குறைவு என்றது. கேட்க அசரவைக்கும் எண். ஆனால் இரு குழுக்களிலும் சேர்த்து நடந்த நிகழ்வுகள் 52தான். இதே ஆய்வு 2011இல் வேறொரு மருத்துவ இதழில் வெளியாவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் நிறுத்தப்பட்டு, மீண்டும் அலசப்பட்ட பிறகே வேறிடத்தில் வந்தது. ஆய்வாளர்களில் முக்கியமானவர்கள் மகரிஷி பல்கலைக்கழகத்தவர். 2013இல் அமெரிக்க இதயச் சங்கம், இரத்த அழுத்தத்தைக் குறைக்க ஆழ்நிலை தியானத்தைப் ‘பரிசீலிக்கலாம்’ என்றது. பரிந்துரைகளில் பலவீனமான படி அது. மற்றத் தியான முறைகளுக்கு அந்தப் படிகூடக் கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வந்த ஆய்வு, போரில் மனம் காயப்பட்ட முன்னாள் படைவீரர்கள் 203 பேரிடம் இந்தத் தியானம் வழக்கமான உளவியல் சிகிச்சைக்குக் குறைந்துபோகவில்லை என்றது. மறுபக்கம், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2007இல் 813 தியான ஆய்வுகளைப் பரிசோதித்து, பெரும்பாலானவற்றின் தரம் மோசம் என்று கைவிரித்தது. கூட்டிக் கழித்தால் என் மதிப்பீடு இது: இருபது நிமிடம் உட்காருவதில் மிதமான நன்மை உண்டு. அந்த நன்மைக்கு இந்த மந்திரம்தான் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

இனி நீதிமன்றம். 1975-76 கல்வியாண்டில் நியூஜெர்சி மாநிலத்தின் ஐந்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில், ‘படைப்பு நுண்ணறிவின் அறிவியல்’ என்ற பெயரில் இந்தத் தியானம் விருப்பப் பாடமாக வந்தது. கூட்டரசுப் பணமும் அதற்குக் கிடைத்தது. மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வெளியே அழைத்துச் செல்லப்பட்டுப் பூஜையில் நின்று மந்திரம் பெற்றார்கள். பெற்றோர் சிலரும் அரசு-மதப் பிரிவினையை வலியுறுத்தும் அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. பூஜை வெறும் நன்றி தெரிவிக்கும் சடங்கு, வாத்தியாருக்கு வணக்கம் சொல்வதுபோல என்பது இயக்கத்தின் வாதம். நீதிபதி கர்டிஸ் மீனர் பூஜையின் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, குருவின் மேல் சுமத்தப்பட்ட அடைமொழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவை ஒரு மனிதருக்குச் சொல்லும் நன்றி ஆகாது என்று 1977 அக்டோபரில் முடிவுசெய்து பாடத்தைத் தடுத்தார். 1979 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி அர்லின் ஆடம்ஸ் தனியே எழுதிய கருத்து, கடவுளை மையமாக வைக்காத ஒன்றை எப்போது மதம் என்று சொல்லலாம் என்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் இன்றும் எடுத்தாளப்படும் அளவுகோல் ஆனது. இந்து சமயத்தைப் பற்றி ஒன்றும் அறியாத நீதிமன்றம் பூஜையை ஊன்றிப் படித்த அளவுக்கு அதைப் பார்த்து நின்ற லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் படித்திருக்க மாட்டார்கள்.

தீர்ப்பு வருவதற்குள்ளாகவே அலை வடியத் தொடங்கியிருந்தது. 1975இல் ‘டைம்’ வார இதழின் அட்டை வரை போன இயக்கத்தில் 1976க்குப் பிறகு புதிதாகச் சேர்வோர் செங்குத்தாகக் குறைந்தார்கள். வெளியே ஆள் பிடிப்பது கடினமாகும்போது, உள்ளே இருப்பவர்களுக்கு மேலும் பெரிய பலன்களை வாக்களிக்கும் சமயக் குழுவாக ஒரு சேவை நிறுவனம் மாறும் என்று ரோட்னி ஸ்டார்க், வில்லியம் பெயின்பிரிட்ஜ் என்ற சமூகவியலாளர்கள் இந்த இயக்கத்தை வைத்தே வாதிட்டார்கள். அதற்குத் தோதாக, அந்த ஆண்டுகளில்தான் சித்திகள் வந்தன. பதஞ்சலியின் விபூதி பாதத்தை அடிப்படையாகக் கொண்ட உயர்நிலைப் பயிற்சியில், பஞ்சு மெத்தை விரித்த அரங்குகளில் பத்மாசனமிட்டவர்கள் தவளைபோல் தத்தினார்கள். மிதப்பது அடுத்த கட்டம் என்றார்கள். அடுத்த கட்டத்தை எவரும் பார்க்கவில்லை. சித்திகள் சமாதிக்கு இடையூறு என்று அதே பாதத்தில் பதஞ்சலி எச்சரித்திருப்பது மெத்தைக்கு அடியில் போய்விட்டது.

கூடவே வந்தது வர்க்கமூலக் கணக்கு. மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தினர் தியானித்தால் குற்றம் குறையும் என்பது முதல் கூற்று. சித்திப் பயிற்சியை எல்லோரும் ஒரே இடத்தில் செய்தால் அந்த ஒரு சதவீதத்தின் வர்க்கமூலமே போதும் என்பது அடுத்தது. அன்றைய உலக மக்கள்தொகைக்கு அது ஏறக்குறைய 7000 பேர். 1983 கடைசியில் ஐயோவா மாநிலத்தின் ஃபேர்ஃபீல்டில், இயக்கத்தின் பல்கலைக்கழகத்தில், அத்தனை பேரைக் கூட்டியும் பார்த்தார்கள். எருசலேமில் தியானிகள் கூடிய நாட்களில் லெபனான் போரின் கடுமை குறைந்ததாகச் சொல்லும் கட்டுரை 1988இல் மதிப்புள்ள ஓர் ஆய்விதழில் வந்து பெரும் வாக்குவாதத்தைக் கிளப்பியது. 1993 கோடையில் சுமார் 4000 பேர் வாஷிங்டனில் திரண்டு தியானித்ததால் வன்குற்றங்கள் 23.3 சதவீதம் குறைந்தன என்று இயற்பியலாளர் ஜான் ஹேகலின் குழு அறிவித்தது. இந்தக் குறைவு உண்மை எண்ணிக்கையோடு ஒப்பிட்டு அல்ல, தியானம் நடக்காவிட்டால் இவ்வளவு நடந்திருக்கும் என்று அவர்களே போட்ட மதிப்பீட்டோடு ஒப்பிட்டு. அந்த வாரங்களில் கொலைகள் குறையவில்லை என்பதை ராபர்ட் பார்க் என்ற இயற்பியலாளர் சுட்டிக்காட்டினார். ஹேகலினுக்குக் கேலிப் பரிசான இக் நோபல் 1994இல் கிடைத்தது. இயக்கத்தின் இயற்கைச் சட்டக் கட்சி சார்பில் அமெரிக்க அதிபர் தேர்தலில் மூன்று முறை நின்றதும் அவர்தான்.

இதற்குப் பிறகு வேடம் முழுவதும் கலைந்தது என்பேன். ஆயுர்வேதம் வந்தது. அதைப் புகழ்ந்து 1991இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் தீபக் சோப்ரா உள்ளிட்டோர் எழுதிய கட்டுரையில், எழுதியவர்களுக்கு அதில் இருந்த வணிகத் தொடர்பு மறைக்கப்பட்டது என்று அதே இதழ் சில மாதங்களில் அம்பலப்படுத்தியது. சோதிடம் வந்தது, காசு கட்டி வேறொருவரைக் கொண்டு செய்விக்கும் யாகங்கள் வந்தன. வாஸ்து வந்து, ஃபேர்ஃபீல்டு வளாகத்தின் பழைய கட்டடங்கள் பல திசை சரியில்லை என்று இடிக்கப்பட்டன. 2000இல் உலக அமைதிக்கான ஒரு நாடு அறிவிக்கப்பட்டு, லெபனானில் பிறந்த நரம்பியலாளர் டோனி நாடர் மகாராஜாவாக முடிசூட்டப்பட்டார். அந்த நாட்டுக்கு ‘ராம்’ என்ற நாணயமும் உண்டு. மகரிஷி 2008 பிப்ரவரி 5 அன்று நெதர்லாந்தின் ஃப்ளோட்ராப்பில் காலமானார். உடல் அலகாபாத் கொண்டுவரப்பட்டு எரியூட்டப்பட்டது. கட்டணமும் இதே காலத்தில் விண்ணைத் தொட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 75 டாலர் கொடுத்துக் கற்ற பயிற்சிக்கு 2000களின் நடுவில் 2500 டாலர் கேட்டார்கள். பிறகு குறைத்தார்கள். இவரிடமிருந்து பிரிந்து போனவர்களில் பாபநாசத்தில் பிறந்த ஸ்ரீஸ்ரீ ரவிசங்கரும் ஒருவர். 1981இல் அவர் தொடங்கிய வாழும் கலை அமைப்பு இன்று இந்தியாவில் தாய் இயக்கத்தைவிட அதிகம் அறியப்பட்டது.

இத்தனை மாற்றங்களிலும் மாறாமல் நிற்கிறது அந்தப் பூஜை. இயக்கம் பெயர்களை மாற்றியது, பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூட மாற்றி, திரும்பப் பழையதற்கே வந்தது. கட்டணத்தை ஏற்றி இறக்கியது, மொழியைச் சமயத்திலிருந்து உளவியலுக்கும் உளவியலிலிருந்து குவாண்டம் இயற்பியலுக்கும் நகர்த்தியது. பூஜையைக் கைவிட்டிருந்தால் நியூஜெர்சி வழக்கில் அதன் நிலை எவ்வளவோ மேலாக இருந்திருக்கும். இது கற்பனை அல்ல, ஒப்பிட ஒரு வழக்கே இருக்கிறது. கலிபோர்னியாவின் என்சினிட்டாஸ் பள்ளிகளில் யோகாசன ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் மரபைச் சார்ந்த அறக்கட்டளையின் பணத்தில் யோகாசனம் கற்பிக்கப்பட்டபோது பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். அந்தப் பள்ளி நிர்வாகம் சமஸ்கிருதப் பெயர்களை எடுத்தது, பத்மாசனத்துக்குக் குழந்தைப் பாட்டுப் பெயர் வைத்தது, வணக்கத்தை விட்டது. 2013இலும் மேல்முறையீட்டில் 2015இலும் அந்த வகுப்பு மதச்சார்பற்றது என்று தீர்ப்பானது. சப்பணமிட்டு உட்காருவதில் எஞ்சியிருக்கும் யோகம் எவ்வளவு என்பது வேறு பேச்சு. வழக்கில் வென்றார்கள்.

ஆழ்நிலை தியானக்காரர்கள் அந்த வழியில் போகவில்லை. திரைப்பட இயக்குநர் டேவிட் லிஞ்ச் 2005இல் தொடங்கிய அறக்கட்டளை மூலம் மறுபடி பள்ளிகளுக்குள் வந்தபோதும் பூஜை கூடவே வந்தது. சிகாகோ அரசுப் பள்ளிகளில் நடந்த திட்டத்தின் மேல் முன்னாள் மாணவர்கள் வழக்குப் போட, பள்ளி வாரியமும் அறக்கட்டளையும் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. 1977இல் தோற்ற அதே இடத்தில் மறுபடி கால் வைத்தார்கள். இதைப் பிடிவாதம் என்றோ மறைமுக மதமாற்றம் என்றோ சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பூஜையை எடுத்துவிட்டால் எஞ்சுவது பென்சனின் ‘ஒன்று’. யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செய்யலாம். இந்த ஆசிரியரிடம், இந்தக் கட்டணத்துக்கு, இந்த ஒலியை ஏன் பெற வேண்டும் என்பதற்கான ஒரே விடை, அது ஒரு பரம்பரை வழியாக வருகிறது என்பது. அந்த விடையை ஆசிரியர் தமக்கே சொல்லிக்கொள்ளும் சடங்குதான் பூஜை. பீடத்துக்கு உரிமையில்லாத ஒரு சீடர், குருவின் பெயரால் உலகம் முழுக்கத் தீட்சை கொடுப்பதற்கு வேறு அதிகாரப் பத்திரம் கிடையாது. வேதாத்திரியின் முறையில் ஆசிரியர் புருவ மத்தியில், ஆக்கினையில், தொட்டுத் தீட்சை தருகிறார், மந்திரம் இல்லை, தெய்வப் படம் தேவையில்லை. தம் சொந்த அனுபவத்தை முன்வைத்தே அவர் கற்பித்தார். மகேஷ் யோகியால் அப்படிச் சொல்ல முடியவில்லை, சொல்ல விரும்பவும் இல்லை. எல்லாம் குருதேவர் தந்தது என்றே கடைசி வரை சொன்னார். அதில் போலித்தனம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எனவே மதமா என்ற கேள்விக்கு, கற்பவருக்குத் தேவையில்லாத, கற்பிப்பவருக்குத் தவிர்க்க முடியாத மதம் அதில் இருக்கிறது என்பேன். தியானிப்பவர் நாத்திகராக இருக்கலாம், பலர் இருக்கிறார்கள். அமைப்பு அப்படி இருக்க முடியாது.

இந்தியாவுக்கு வந்தால் கேள்வி தலைகீழாகிறது. மகரிஷி வித்யா மந்திர் பள்ளிகள் நாடெங்கும் உள்ளன, சென்னையிலும் உண்டு. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்கிறது. அங்கீகாரம் பெற்ற மற்றப் பள்ளிகளில் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. இங்கே பூஜை யாரையும் உறுத்துவதில்லை. பூவும் பழமும் கொண்டுபோய் ஒன்றைக் கற்பது நம் வீட்டு வழக்கம்தான், அதை ஒளிக்க வேண்டிய தேவை அமைப்புக்கும் இல்லை. அமெரிக்காவில் பூஜையை மறைக்க அறிவியல் பயன்பட்டது என்றால், இங்கே பூஜைக்கு முத்திரை குத்த அதே அறிவியல் பயன்படுகிறது. தியானம் பரம்பரையானது என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை, அதனால் இதய நோய் பாதியாகும், நகரத்தில் குற்றம் குறையும் என்பதிலும் சந்தேகம் வராமல் போகிறது. சம்மதம் கேட்கிற படிவத்தில் 52 நிகழ்வுகள் என்ற எண்ணும் இருக்க வேண்டும், வாஷிங்டன் கணக்கு எதோடு ஒப்பிடப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகத் தியானம் தொடங்குகிறவரிடம், மாத்திரையை நிறுத்தச் சொல்லி அமெரிக்க இதயச் சங்கம் எங்கும் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.